மாமனார் விலையைப் பார்க்காமல் சாப்பிட வேண்டும்: டிஸ்னி உணவுத் திட்டத்தை வாங்கலாமா?

டெக்சாஸில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியாருடன் குடும்பமாக ஆறு பேர், இன்னும் மூன்று மாதத்தில் புளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குச் செல்கிறார்கள். டிஸ்னியின் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதியில் ஆறு பேர் தங்கும் குடும்ப அறையை 5 இரவுகளுக்கு, நுழைவுச் சீட்டுகளோடு சேர்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. மாமனாரும் மாமியாரும் முட்டைகூடச் சேர்க்காத சைவம். மாமியாருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. வாசகியும் சைவம். கணவர் அசைவம் சாப்பிடுவார், மது அருந்துவதில்லை.

முன்பணம் கட்டி வாங்கும் உணவுத் திட்டத்தையும் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். 2007-இல் சென்று வந்த ஓரகத்தி, "டிப்ஸ்கூட அதிலேயே அடங்கிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்று சொன்னாராம். வாசகிக்கோ தொகையைப் பார்த்துத் தயக்கம். ஆனால் அவர் மனத்தை அரிப்பது வேறொன்று. சென்ற மாதம் ஓர் உணவகத்தில் 25 டாலர் என்று போட்டிருந்த தட்டை மாமனார் மனத்துக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு, "எனக்குப் பசியில்லையம்மா" என்று தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். முன்பே பணம் கட்டிவிட்டால் அவர் தயங்காமல் சாப்பிடுவார் அல்லவா என்பதே கேள்வியின் சாரம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. திட்டம் லாபமா என்பது ஒன்று. மாமனாரை எப்படி வயிறாரச் சாப்பிட வைப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை என் பதில், வேண்டாம் என்பதே. இரண்டாவதற்கு வேறு நல்ல வழி இருக்கிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு விளக்குகிறேன். குடும்பங்களுக்கு நிதி ஆலோசனை சொல்லும் தொழிலில் இருப்பதால், கணக்கைக் காட்டாமல் ஒன்றைச் சரியென்றோ தவறென்றோ சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஓரகத்தி சொன்னது பொய்யல்ல, பழையது

2005-இல் இந்தத் திட்டம் அறிமுகமானபோது, மேசையில் அமர்ந்து உண்ணும் வேளைக்கு முன்னுணவும் (ஸ்டார்ட்டர்) டிப்ஸும் அதிலேயே அடங்கியிருந்தன. 2008 முதல் அவை இரண்டும் நீக்கப்பட்டன. ஆகவே 2007-இல் சென்றவர் உண்மையிலேயே தாராளமான ஒரு திட்டத்தை அனுபவித்திருக்கிறார். நீங்கள் வாங்கப்போவது அதுவல்ல. பெருந்தொற்றுக் காலத்தில் 2020-இல் நிறுத்தப்பட்டு, 2024 ஜனவரி 9 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தபோது இரண்டே வகைகள் இருந்தன.

முதல் வகையில், ஓர் இரவுக்கு ஒருவருக்கு இரண்டு கவுண்டர் உணவும் (கவுண்டரில் நாமே வாங்கிக்கொள்வது) ஒரு நொறுக்குத்தீனியும் கிடைக்கும். இரண்டாம் வகையில் ஒரு கவுண்டர் உணவு, மேசையில் பரிமாறும் உணவு ஒன்று, நொறுக்குத்தீனி ஒன்று. இரண்டிலும் தங்கும் காலம் முழுவதற்கும் ஆளுக்கொரு குவளை தருவார்கள். குளிர்பானமும் காபியும் எத்தனை முறை வேண்டுமானாலும் அதில் நிரப்பிக்கொள்ளலாம். அந்தக் குவளை விடுதியில்தான் செல்லும், கேளிக்கைப் பூங்காக்களுக்குள் செல்லாது. காலை முதல் இரவு வரை பூங்காவில் இருக்கும் குடும்பத்துக்கு அதனால் கிடைக்கும் பயன், விளம்பரத்தைப் படிக்கும்போது தோன்றுவதைவிட மிகக் குறைவு.

2024-இல் 10 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு ஓர் இரவுக்கு முதல் வகை 57.01 டாலராகவும் இரண்டாம் வகை 94.28 டாலராகவும் இருந்தன; 3 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 23.83, 29.69 டாலர். கீழே வரும் கணக்குகளை இந்த விலைகளை வைத்தே போடுகிறேன். இந்த விலைகள் நிலையாக நிற்பவையல்ல. உங்கள் பதிவுப் பக்கத்தில் இன்று காட்டும் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கிடும் முறை மாறாது.

இங்கே உங்கள் கணக்கில் நேர்ந்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். மகனையும் மகளையும் குழந்தைகளாக எண்ணி, நான்கு பெரியவர், இரண்டு குழந்தைகள் என்று கூட்டியிருக்கிறீர்கள். டிஸ்னியின் கணக்கில் 10 வயது நிறைந்த அன்றே ஒருவர் பெரியவர். உங்கள் மகனுக்கு 11 வயது என்பதால், அவன் பாதித் தட்டோடு எழுந்துவிடுபவனாக இருந்தாலும் பெரியவருக்கான தொகையைக் கட்டியே ஆக வேண்டும். இரண்டாம் வகைக்கு நீங்கள் நினைத்த தொகை 2,182.50 டாலர், உண்மையான தொகை 2,505.45 டாலர். ஒரு பையனின் வயதால் மட்டும் 322.95 டாலர் கூடுகிறது. முதல் வகைக்கு ஆறு பேருக்கும் சேர்த்து 1,544.40 டாலர் ஆகும்.

சைவத் தட்டில் அந்தத் தொகை திரும்பி வருமா?

இந்தத் திட்டம் யாருக்கு லாபம் தரும் என்பதை ஒரு தட்டை வைத்தே காட்டலாம். இரண்டாம் வகைக்குப் பெரியவர் ஒருவர் கட்டும் 94 டாலரில், சுமாராக 20 டாலர் கவுண்டர் உணவுக்கும், ஆறு அல்லது ஏழு டாலர் நொறுக்குத்தீனிக்கும், நான்கைந்து டாலர் குவளைக்கும் போகிறது. மீதி 62 டாலர் அளவுக்கு ஒரே ஒரு மேசை உணவில் ஈடுகட்ட வேண்டும். மாட்டிறைச்சி ஸ்டேக்கும், அதோடு ஒரு கோப்பை ஒயினும், பிறகு இனிப்பும் எடுப்பவர் அந்தத் தொகையை எளிதில் எட்டிவிடுவார். 21 வயது நிறைந்தவர்களுக்கு வேளைக்கு ஒரு மதுபானமும் திட்டத்தில் அடக்கம் என்பதால், கட்டணத்தை நிர்ணயிக்கும்போதே அதையும் எண்ணித்தான் நிர்ணயித்திருப்பார்கள் என்பது என் கருத்து. உங்கள் வீட்டில் மது அருந்துபவர் ஒருவரும் இல்லை. நீங்கள் எடுக்கக்கூடிய சைவ உணவு 22 முதல் 25 டாலர். இனிப்பையும் பானத்தையும் டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆர்லாண்டோ பகுதியின் 6.5 விழுக்காடு விற்பனை வரியையும் சேர்த்தாலும் 43 டாலரைத் தாண்டுவது கடினம். ஆக, ஒவ்வோர் இரவும் ஆளுக்கு 20 டாலர் அளவுக்குக் கையைவிட்டுப் போகும்.

அந்த இனிப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாமியார் சர்க்கரை நோய்க்காக அதைத் தொட மாட்டார். மாமனாருக்கோ கேக்கிலும் கஸ்டர்டிலும் முட்டை இருக்கும் என்ற தயக்கம், அது நியாயமான தயக்கமும்கூட. அமெரிக்க உணவகங்களில் 'வெஜிடேரியன்' என்ற சொல்லுக்குள் முட்டையும் அடங்கிவிடும். டிஸ்னி உணவகங்களின் பட்டியலில் பச்சை இலைக் குறி போட்ட உணவுகளை மட்டும் பாருங்கள். அவற்றில் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் சேர்வதில்லை. நம் ஊர்ப் பொட்டலங்களில் இருக்கும் பச்சைப் புள்ளியைவிட இது கண்டிப்பானது. ஆனால் ஒவ்வோர் உணவகத்திலும் அந்தக் குறியோடு இருப்பவை சிலவே, விலையிலும் அவை உச்சத்தில் இருப்பவையல்ல. நீங்கள் வாங்க எண்ணும் திட்டம், விலை கூடிய உணவைத் தேர்ந்தெடுப்பவருக்கே பலன் தரும் வகையில் அமைந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் உண்ணும் விதத்தில் 5 நாளுக்கும் திட்டமின்றி ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தேன். மதியம் கவுண்டர் உணவு, மாலையில் நொறுக்குத்தீனி, இரவில் பட்டியலைப் பார்த்து வாங்கும் மேசை உணவு, மூன்று குவளைகள் எல்லாம் சேர்த்து, டிப்ஸ் நீங்கலாக, ஏறத்தாழ 1,970 டாலர் வருகிறது. இதற்கே திட்டத்தில் 2,505 டாலர். கவுண்டர் உணவு மட்டுமே போதும் என்றால் திட்டமின்றி 1,360 டாலர் அளவுக்கு ஆகும். திட்டத்தில் 1,544 டாலர்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். மிக்கி போன்ற பாத்திரங்கள் மேசைக்கே வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் விருந்துகளுக்குப் பெரியவருக்கு 60 டாலருக்கு மேலும், குழந்தைக்கு 40 டாலர் அளவிலும் ஆகும். 5 இரவும் அத்தகைய விருந்துக்கே சென்றால் இரண்டாம் வகைத் திட்டத்தில் உங்களுக்கு 100 டாலருக்குச் சற்று மேல் மிச்சமாகும். உங்கள் மகளைப் பொறுத்தவரை அது மிக நல்ல பேரமும்கூட, ஏனெனில் குழந்தையின் ஒரு நாள் கட்டணமான 29.69 டாலரை அந்த ஒரு விருந்தே தாண்டிவிடுகிறது. ஆனால் ஒன்றரை மணி நேரம் நீளும் பஃபேயில் 5 இரவும் தொடர்ந்து அமர்வதற்கு உங்கள் மாமியாரின் உடல்நிலை ஒத்துழைக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். அப்படி ஒரு விருந்து, மிஞ்சினால் இரண்டு, போதும் என்றே நான் நினைக்கிறேன்.

டிப்ஸ் தனி. ஆறு பேரும் அதற்கு மேற்பட்டவரும் சேர்ந்து அமரும் மேசைக்கு 18 விழுக்காட்டை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். திட்டத்தில் சாப்பிட்டாலும் உணவின் முழு மதிப்பின் மீதே அது கணக்கிடப்படும். விருந்து ஒன்றுக்கு 61 டாலர் அளவில், 5 இரவுக்கு 300 டாலருக்கு மேல் கையிலிருந்து கொடுக்க நேரும். எல்லாம் கட்டியாகிவிட்டது என்று நம்பி வந்த மாமனாரின் கண்முன்னே அந்தப் பில் வந்து நிற்கும். இதையும் எண்ணிப் பாருங்கள்.

ஒப்பந்தம் உங்களைக் கட்டும் இடங்கள்

நான்கு பேருக்கு மட்டும் திட்டத்தை வாங்கிவிட்டு, மாமனார், மாமியார் இருவருக்கும் தனியாக வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே பதிவின்கீழ் தங்குபவர்களில் 3 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் ஒரே திட்டத்தை, தங்கும் எல்லா இரவுகளுக்கும் வாங்க வேண்டும் என்பது விதி. பிரித்து வாங்க விரும்பினால் இரண்டு அறைகளை இரண்டு தனிப் பதிவுகளாக எடுக்க வேண்டும். டிஸ்னியின் விலை குறைந்த ஆல்-ஸ்டார் விடுதிகளில் இரண்டு சாதாரண அறைகளின் வாடகை பல நேரங்களில் ஒரு குடும்ப அறையின் வாடகையை ஒட்டியே இருக்கும் என்பதால் இது முற்றிலும் தள்ளிவிடக்கூடிய யோசனையல்ல. ஆனால் மாமியாருக்கு இரவில் துணை தேவைப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். உணவுக்காக அறையைப் பிரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

திட்டத்தில் கிடைக்கும் ஒவ்வொரு வேளை உணவையும் நொறுக்குத்தீனியையும் ஒரு 'கிரெடிட்' என்று எண்ணுவார்கள். கிரெடிட்டுகள் இரவுக் கணக்கில் வருபவை, பகல் கணக்கில் அல்ல. நீங்கள் 6 பகல் அங்கே இருப்பீர்கள், கையில் 5 இரவுக்கான கிரெடிட்டுகளே இருக்கும். புறப்படும் நாள் நள்ளிரவோடு அவை காலாவதியாகிவிடும்; பயன்படுத்தாதவற்றுக்குப் பணம் திரும்பாது. இதில் உங்களுக்குச் சட்டப்படி கேட்க ஏதேனும் உரிமை உண்டா என்றால், வாங்கும்போதே எழுத்தில் சொல்லப்பட்ட நிபந்தனை என்பதால் கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் முறையிட்டுத் திரும்பப் பெறுவது நடவாத காரியம். தவறாக இரண்டு கிரெடிட்டைக் கழித்துவிட்டார்கள் என்பது போன்ற பிழைகளுக்கு மட்டுமே முறையிட இடமுண்டு. அதற்கும் ரசீது கையில் இருக்க வேண்டும். சில உயர்தர உணவகங்கள் ஒரு வேளைக்கு இரண்டு மேசைக் கிரெடிட்டுகளை எடுத்துக்கொள்ளும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அது பிழையல்ல, விதி.

ஒரு காட்சியை இங்கே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் பயணம் முடிந்து வந்து தங்கள் ரசீதுகளை என் மேசையில் பரப்பியது. கடைசி நாள் இரவு 10 மணிக்கு மேல் விடுதிக் கடையில் வாங்கிய பிஸ்கட் பொட்டலங்களும் மிட்டாய்களுமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பதினான்கு வரிகள். மீந்த நொறுக்குத்தீனிக் கிரெடிட்டுகளைத் தீர்ப்பதற்காக, தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தாய் வரிசையில் நின்றிருக்கிறார். பசிக்கு வாங்கிய திட்டம் அவர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்ததை அந்த ஒரு ரசீதிலேயே பார்த்தேன்.

திட்டம் வாங்கியவர்களுக்கு மேசை உறுதி என்ற எண்ணமும் சரியல்ல. மேசைக்குத் தனியாகவே முன்பதிவு செய்ய வேண்டும். 60 நாளுக்கு முன் அது திறக்கும். டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள், வருகை நாளுக்கு 60 நாள் முன்பாகவே தங்கும் காலம் முழுவதற்கும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். இது விடுதியில் தங்குபவர்களுக்கான சலுகை. உணவுத் திட்டம் இல்லாவிட்டாலும் உங்களுக்கு உண்டு.

மாமனார், மாமியாரின் உடல்நிலை காரணமாகப் பயணம் மாறக்கூடும் என்று நீங்கள் அஞ்சுவதால், ரத்து விதியையும் குறித்து வையுங்கள். அறை, சீட்டு, உணவு சேர்ந்த தொகுப்பை வருகைக்கு 30 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது ரத்து செய்தால் கட்டிய பணம் திரும்பும். 29 முதல் 2 நாளுக்குள் ரத்து செய்தால் 200 டாலர் பிடித்துக்கொள்வார்கள். கடைசி நாளில் ரத்து செய்தால் முழுத் தொகையும் போய்விடும். தொகுப்பில் எவ்வளவு அதிகமாகச் சேர்க்கிறீர்களோ, அந்தக் கடைசி நாளில் இழக்கக்கூடியதும் அவ்வளவு அதிகம்.

திட்டத்தை இலவசமாகத் தரும் சலுகைகள் சில காலங்களில் வருவதுண்டு. சில குழந்தைகளுக்கு மட்டும், சில அனைவருக்கும். அப்படி ஒன்று வந்தால், அதை ஏற்பதற்காக அறை வாடகையில் கிடைக்கும் தள்ளுபடியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் 'இலவசம்' என்ற சொல்லுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மாமனாரின் பசிக்கு என்ன செய்யலாம்

அவரை நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேன். வாழ்நாள் முழுவதும் சம்பளக் கவரைப் பிரித்து, பால்காரருக்கு இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு என்று எண்ணி வைத்தவருக்கு, ஒரு தட்டுச் சோற்றுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் என்பது விலையாகத் தெரியாது, மகனின் உழைப்பாகத் தெரியும். அவர் மறுப்பது உணவை அல்ல. முன்பணம் கட்டிவிட்டால் அந்தச் சுமை இறங்கும் என்ற உங்கள் ஊகம் சரியானது. அந்த நிம்மதிக்காக உணவுத் திட்டத்தை வாங்க வேண்டியதில்லை என்பது மட்டுமே நான் சொல்லும் திருத்தம்.

டிஸ்னி கிஃப்ட் கார்டு என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் காலாவதியும் இல்லை, கட்டணமும் இல்லை. டிஸ்னி வேர்ல்டின் பெரும்பாலான உணவகங்களிலும் கடைகளிலும் செல்லும், டிப்ஸும் அதிலிருந்தே கொடுக்கலாம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன், 500 டாலர் ஏற்றிய கார்டு ஒன்றை உங்கள் கணவர் தம் கையால் அவரிடம் கொடுத்து, "அப்பா, இது கட்டியாகிவிட்ட பணம். நீங்களும் அம்மாவும் சாப்பிடுவதற்கும், பேரப் பிள்ளைகளுக்கு நீங்கள் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதற்கும்" என்று சொல்லட்டும். பேரன் கேட்டு தாத்தா வாங்கிக் கொடுக்கும்போது அவர் விருந்தாளியாக இல்லாமல் வீட்டுப் பெரியவராக இருப்பார். மீதமிருந்தால் அது கார்டிலேயே இருக்கும். நள்ளிரவில் எதுவும் காலாவதியாகாது.

அடுத்தது, நீங்கள் கேட்கத் தயங்கிய ஒன்று. பூங்காவுக்குள் வீட்டு உணவைக் கொண்டுபோகலாமா? தாராளமாகக் கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுபானமும் கூடாது, அங்கே சூடாக்க வேண்டிய உணவாகவும் இருக்கக் கூடாது. புளியோதரைக்கு இந்த நிபந்தனைகள் ஒரு தடையே அல்ல. விடுதிக் குடும்ப அறையில் மைக்ரோவேவும் சிறு குளிர்பதனப் பெட்டியும் உண்டு, அடுப்பு கிடையாது. ஆர்லாண்டோவில் இந்திய மளிகைக் கடைகளும் தென்னிந்திய சைவ உணவகங்களும் இருக்கின்றன. வந்திறங்கும் நாளிலேயே தயிர், ஊறுகாய், சப்பாத்தி ஆகியவற்றை வாங்கி வைத்துவிட்டால், மாமியார் மாத்திரை போட வேண்டிய நேரத்துக்கு உணவகத்தின் வரிசையை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. கவுண்டர் உணவகங்களில் குளிர்ந்த குடிநீர் கேட்டால் இலவசமாகவே தருவார்கள். தண்ணீர் பாட்டில் வாங்குவதைப் பார்த்துத்தான் உங்கள் மாமனார் முதலில் முகம் சுளிப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு வேளையையாவது டிஸ்னியின் இன்னொரு விடுதியான அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனா உணவகத்துக்கு ஒதுக்குங்கள். ஆப்பிரிக்க, இந்தியச் சுவைகள் கலந்த சமையல். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். 'நான்', 'குல்சா' போன்ற ரொட்டிகளோடு மாங்காய்ச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, வெள்ளரி ரைத்தா என்று வரிசையாகக் கிண்ணங்களில் வரும் ஒரு தட்டு அங்கே பெயர்பெற்றது. முட்டை சேர்ந்தது எது என்று கேட்டால் விளக்கிச் சொல்வார்கள். அந்தத் தட்டு முன்னுணவுப் பட்டியலில் இருப்பதால் உணவுத் திட்டத்தில் அடங்காது. திட்டத்தை வாங்கியிருந்தால், உங்கள் வீட்டார் அனைவரும் சேர்ந்து பிட்டுச் சாப்பிடக்கூடிய அந்த ஒன்றைத் தவிர்த்துவிட்டு, கிரெடிட்டுக்காக ஆளுக்கொரு தட்டை வரவழைத்திருப்பீர்கள்.

வருகை நாளிலிருந்து 60 நாளைப் பின்னோக்கி எண்ணி நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அன்று அதிகாலையிலேயே சனாவையும், மகளுக்காகப் பாத்திரங்கள் வரும் விருந்து ஒன்றையும் பதிவு செய்துவிடுங்கள். வர முடியாமல் போனால் குறித்த நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பாக ரத்து செய்ய மறந்துவிடாதீர்கள்; தவறினால் ஆளுக்கு 10 டாலர் வசூலிப்பார்கள்.